அம்மா ஓட்டிய வண்டி

ஈஸ்ட் ஹாம்,
லண்டன்.

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வண்டி வாங்கியாயிற்று. 2015 மாடல் டொயோட்டா யாரிஸ், பெட்ரோல். டீசல்தான் உழைக்கும் என்பீர்கள். ஆனால் 2015 செப்டம்பருக்கு முந்தைய டீசல் வண்டி என்றால், பெரும்பாலும் லண்டனுக்குள் ஓட்டுகிற ஒவ்வொரு நாளும் 12.50 பவுன் கப்பம் கட்ட வேண்டும். பெட்ரோலுக்கு அந்தக் கெடுபிடி குறைவு.

புரோக்கர் யார் என்று கேட்டீர்கள். புரோக்கரே கிடையாது. அரசாங்க வலைத்தளத்தில் வண்டி நம்பரை அடித்தால், காலணா செலவில்லாமல் அதன் குட்டு முழுக்க வெளியே வந்துவிடும். மூன்று வயதான வண்டி வருஷா வருஷம் எம்ஓடி சோதனைக்குப் போயாக வேண்டும். எப்போது தேறியது, எதனால் தவறியது, அன்றைக்கு மீட்டரில் எத்தனை மைல், 'பிரேக் டிஸ்க் தேய்கிறது' என்று சோதித்தவர் எழுதிவைத்தது, எல்லாமே அதில் இருக்கும்.

ஒருத்தர் நீல நிற வண்டி ஒன்றைக் காட்டினார். அவருடைய அம்மா சர்ச்சுக்கும் கடைக்கும் மட்டும் ஓட்டியதாம். நம்மூரில் 'டாக்டர் ஓட்டின வண்டி' என்பார்களே, அதே கதைதான். மீட்டரில் 61 ஆயிரம் மைல். போனில் தட்டிப் பார்த்தால், மூன்று வருஷத்துக்கு முந்தைய சோதனையிலேயே 88 ஆயிரம்! அந்த அம்மா ரிவர்ஸிலேயே சர்ச்சுக்குப் போய்வந்திருப்பார் போல.

அதற்காக உங்கள் வித்தை வீண்போகவில்லை. இன்னொருவர் வீட்டில் பானட்டில் கை வைத்தேன், சுட்டது. முன்கூட்டியே சூடேற்றிவிட்டால் முதல் ஸ்டார்ட்டின் புகையும் கடகடப்பும் தெரியாதல்லவா? "ஆறட்டும், டீ குடித்துவிட்டு வருகிறேன்" என்றேன். அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

இங்கத்திய ஆர்.சி. புக்குக்கு வி5சி என்று பெயர். முகப்பிலேயே 'இது உரிமைக்கான ஆதாரம் அல்ல' என்று அச்சடித்திருக்கிறான். பிறகு எதற்கு அந்தத் தாள்? வண்டிமேல் கடன் பாக்கி இருக்கிறதா, விபத்தில் நொறுங்கி இன்சூரன்ஸ்காரன் கைகழுவியதா என்று பார்க்கத் தனியாகச் சில பவுன் கட்டினேன்.

ரோடு டாக்ஸ்தான் வெள்ளைக்காரன் மூளை! 2014 அக்டோபரிலிருந்து, விற்றவர் கட்டிய வரி வாங்குகிறவருக்கு வராது. விற்றவருக்கு மிச்சமுள்ள முழு மாதங்களுக்கு மட்டும் பணம் திரும்பும். நான் நடப்பு மாதத்தின் முதல் தேதியிலிருந்தே கட்ட வேண்டும். ஆக, கைமாறுகிற மாதத்துக்கு இரண்டு பேரிடமும் வசூல். நம்மூர் ஆர்டிஓ ஆபீசில் யாருக்கும் இது தோன்றாதது நம் புண்ணியம்.

இன்சூரன்ஸ் தொகையைச் சித்தியிடம் சொல்லிவிடாதீர்கள். நம்மூர் லைசென்ஸில் ஓட்டுகிறவன் என்றதும், வண்டி விலையில் பாதியைக் கேட்டுவிட்டார்கள்.

திருஷ்டிக்கு ஆகாச கருடன் கிழங்கு அனுப்புவதாகச் சொன்னீர்களே, வேண்டாம். கிழங்கு, செடி எதையும் சான்றிதழ் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். கறுப்புக் கயிறு மட்டும் கவரில் வைத்து அனுப்புங்கள், போதும்.

அன்புடன்,
உங்கள் ரவி