இடது கையில் போன்

கேள்வி: தேவாலயத்தில் ஏழைகளுக்கு அரிசிப் பை கொடுத்ததைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டேன். போதகர் முகம் சுளிக்கிறார். பைபிள்படி தப்பா?
- ஒரு வாசகர், தெலுக் இந்தான்

பதில்: வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்கிறது மத்தேயு 6. உங்கள் இடது கையில்தான் போன் இருந்திருக்கிறது. தெரியாமல் எப்படி இருக்கும்?

எனக்குப் பிடித்தது லேவியராகமம் 19. வயலின் ஓரத்தை முழுக்க அறுக்காமல், உதிர்ந்ததைப் பொறுக்காமல் ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவிட வேண்டும். வாங்குகிறவர் வரிசையில் நின்று போஸ் கொடுக்க வேண்டாம், தானே பொறுக்கிக்கொள்வார். ரூத் அப்படித்தான் பிழைத்தாள். உங்கள் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் இந்தச் சட்டம் வந்தால், புல்லுக்குள் கிடக்கும் உதிரிப் பழத்தைக்கூடச் சாக்கில் போடச் சொல்லும் மண்டோர் மயங்கி விழுவார்!

உபாகமம் 24 இன்னும் மேலே போகிறது: கடன் கொடுத்தவன் அடகு வாங்க வீட்டுக்குள் நுழையக்கூடாது, வெளியே நிற்க வேண்டும். நம் கந்துவட்டி ஆலோங்கும் வெளியேதான் நிற்கிறான், வாசலில் ஊற்றச் சிவப்புச் சாயத்தோடு.

படமெடுப்பதற்கே திரும்பி வருவோம்: உங்கள் ஊர்ச் சாய்ந்த கோபுரத்தைப் பாருங்கள். 1885-ல் கட்டியது. வெளியே கடிகாரம், உள்ளே தண்ணீர்த் தொட்டி. ஊருக்காகத் தண்ணீர் சுமந்தே சாய்ந்தது. படமெடுக்க வருகிறவர்கள் சாய்வை மட்டும்தான் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.