சாமியாரைக் கொளுத்து, டாக்டர் பெண்டாட்டியை எழுது

எழுதி முடித்ததை நண்பர்களிடம் நீட்டி அபிப்பிராயம் கேட்கிற எழுத்தாளன், அபிப்பிராயத்தை எதிர்பார்த்து நீட்டுவதில்லை. 1849 செப்டம்பரில் குஸ்தாவ் ஃப்ளோபேர் எதிர்பார்த்தது இரண்டு பேரின் ஆனந்தக் கூத்தை. கிடைத்தது தகனத்துக்கான சிபாரிசு.

இடம் க்ருவாசே. பிரான்சின் வடக்கே ரூவான் நகரத்தை ஒட்டி, சேன் நதியைப் பார்த்த பெரிய வீடு. ரூவான் ஆஸ்பத்திரியின் தலைமை சர்ஜனாக இருந்த அப்பா போதுமான சொத்தை வைத்துவிட்டுக் கண்ணை மூடியிருந்தார். பிள்ளையைப் பாரிசுக்கு வக்கீல் படிப்புக்கு அனுப்பியிருந்தார்கள். 1844-ல் வலிப்பு வந்தது, படிப்பு நின்றது. சட்டத்திலிருந்து தப்பித்ததற்காக அவர் கண்ணீர் விட்டதாகத் தகவல் இல்லை. வயது இருபத்தேழு, வாட்டசாட்டமான உடம்பு, தொங்கு மீசை, ஊரைக் கூட்டும் குரல். கல்யாணம் இல்லை, உத்தியோகம் இல்லை. அம்மா இருந்தாள். நாவலாசிரியனுக்கு வேறென்ன வேண்டும்?

இந்த நிலையில்தான் அந்தோணியார் வந்தார். தொலைந்த சாவியைக் கண்டுபிடித்துத் தருகிற பதுவை அந்தோணியார் அல்ல. எகிப்துப் பாலைவனத்தில் தவம் கிடந்த வனத்து அந்தோணியார். 1845-ல் தங்கை தேனிலவுக்கு இத்தாலி போனபோது ஃப்ளோபேர் குடும்பமே மூட்டை கட்டிக்கொண்டு கூடப் போனது (மாப்பிள்ளையின் மனநிலையை யாரும் பதிவு செய்யவில்லை). அந்தப் பயணத்தில் ஜெனோவாவில் ஒரு ஓவியத்தைப் பார்த்தார்: சாமியாரைச் சுற்றிப் பிசாசுகள் மொய்க்கின்றன. அன்றைக்குப் பிடித்த பிசாசு அவரை விடவில்லை. 1848 மே மாதம் தொடங்கிப் பதினாறு மாதத்தில் ஐந்நூறு பக்கத்துக்கு மேல் எழுதிக் குவித்தார். ஏழு பாவங்கள், ஷேபா நாட்டு ராணி, மதவிரோதிகள் ஒரு பட்டாளம், காலாவதியான தெய்வங்கள், பேசும் பன்றி ஒன்று என்று எல்லாரும் வரிசையில் வந்து சாமியாரின் தவத்தைக் கலைக்கப் பார்ப்பார்கள். தவம் கலையாது. கதையும் நகராது.

அரங்கேற்றத்துக்கு அழைக்கப்பட்டவர்கள் இருவர். லூயி பூயே: ரூவானில் லத்தீன் ட்யூஷன் எடுத்துப் பிழைத்த கவிஞர். மாக்சீம் து கான்: வசதியான வீட்டுப் பையன், ஊர்சுற்றி, எதிலும் முந்திக்கொள்கிறவர். பகல் பன்னிரண்டிலிருந்து நாலு, ராத்திரி எட்டிலிருந்து பன்னிரண்டு, நாலு நாள். மொத்தம் முப்பத்திரண்டு மணி நேரம் ஃப்ளோபேர் வாசித்தார். வாசித்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. அவர் எழுதியதை எப்போதும் கத்தித்தான் பார்ப்பார். முடியும்வரை வாயைத் திறப்பதில்லை என்று கேட்பவர்கள் ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு அமர்வு முடிந்ததும் அம்மா வந்து எப்படி இருக்கிறது என்று கேட்பாள். இரண்டு பேரும் கூரையைப் பார்ப்பார்கள்.

கடைசி நாள் நள்ளிரவில் தீர்ப்பு. இதைத் தூக்கி நெருப்பில் போடு, இனி இந்தப் பேச்சையே எடுக்காதே என்றார் பூயே. கவிஞர்கள் பொதுவாக இப்படிச் சுருக்கமாகப் பேசுவதில்லை. முப்பத்திரண்டு மணி நேரம் வாயைக் கட்டிப்போட்டதன் பலன். ஃப்ளோபேர் அலறினார், வாதாடினார். விடிந்து எட்டு மணி வரை நடந்தது சண்டை. கதவைத் திறந்தால் மாடிப்படியில் ஒரு கறுப்பு உடை நழுவி மறைந்தது. அம்மா ராத்திரி முழுக்கக் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். பிள்ளையின் திறமை மேல் இவர்களுக்குப் பொறாமை என்று அந்தம்மாள் முடிவு கட்டினாள். அம்மாக்கள் எழுதும் மதிப்புரை எந்த நாட்டிலும் ஒன்றுதான்.

பதிலுக்கு நண்பர்கள் கொடுத்த மருந்து: மண்ணில் கால் பதித்த விஷயமாக, பால்சாக் எழுதுவாரே அப்படி ஒன்றை எழுது. மறுநாள் தோட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது, தெலமார் கதையை எழுதினால் என்ன என்று பூயே கேட்டாராம். தெலமார் என்பவர் ரீ என்ற கிராமத்து வைத்தியர். முழு டாக்டர்கூட அல்ல, ஒரு படி கீழே. ஃப்ளோபேரின் அப்பாவிடம் தொழில் கற்றவர். அவர் மனைவி டெல்ஃபின் 1848-ல் இளவயதிலேயே செத்துப்போனாள். கள்ளக்காதல், கடன் என்று ஊர் வாய் ஓயவில்லை. யோசனையைக் கேட்டதும் ஃப்ளோபேர் துள்ளிக் குதித்தார் என்று எழுதியிருக்கிறார் து கான், முப்பது வருஷம் கழித்து. காலண்டர் வேறு மாதிரி சொல்கிறது. தெலமார் செத்ததே 1849 டிசம்பரில். தோட்டத்தில் இவர்கள் கதை பேசியபோது கதாநாயகியின் புருஷன் ரீ கிராமத்தில் நாடி பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்டோபர் கடைசியில் து கான் நண்பரை எகிப்துக்கு இழுத்துக்கொண்டு போனார். இருவர் சட்டைப்பையிலும் அரசாங்கக் காகிதம். து கானுக்குப் பழஞ்சின்னங்களைப் படமெடுக்கிற வேலை. அந்தக் காலத்துக் கேமராவையும் ரசாயனங்களையும் தூக்கவே ஆள்படை வேண்டும். ஃப்ளோபேருக்கு விவசாய, வர்த்தக அமைச்சகத்தின் வேலை: துறைமுகங்களில் வியாபாரத் தகவல் சேகரிப்பது. அவர் சேகரித்தவற்றை அமைச்சகத்துக்கு அனுப்பியிருந்தால் அமைச்சர் வெட்கப்பட்டிருப்பார். கோயில்களோ அவருக்குச் சீக்கிரமே அலுத்துவிட்டன. நவக்கிரகக் கோயில் டூரில் ஆறாவது கோயிலில் பஸ்ஸைவிட்டு இறங்க மறுக்கும் மாமாவைப் போல, நைல் படகில் சாய்ந்துகொண்டு, கரையை வேண்டுமானால் தன்னிடம் வரச் சொல்லும் ரகம்.

1850 மார்ச்சில் நைலின் இரண்டாவது அருவிக்குப் பக்கத்துக் குன்றில் நின்றுகொண்டு, கண்டுபிடித்துவிட்டேன், அவளுக்கு எம்மா போவாரி என்று பெயர் வைக்கிறேன் என்று ஃப்ளோபேர் கூவியதாகவும் து கான் சொல்கிறார். அருமையான காட்சி. சினிமாக்காரர்கள் விடமாட்டார்கள். ஒரே ஒரு சிக்கல்: எட்டு மாதம் கழித்து, நவம்பர் 14-ஆம் தேதி, கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து ஃப்ளோபேர் பூயேவுக்கு எழுதிய கடிதத்தில், அடுத்து எழுத மூன்று விஷயங்கள் கைவசம் இருப்பதாகப் பட்டியல் போடுகிறார். எம்மாவைக் காணோம்.

முதலாவது, டான் ஜுவானின் ஓர் இரவு. ரோட்ஸ் தீவில் க்வாரண்டைனில் அடைபட்டுக் கிடந்தபோது உதித்தது. வெளியே போகமுடியாதவனுக்கு ஊர் மேய்கிறவனின் நினைப்பு வருவது இயற்கை. இரண்டாவது, அனுபிஸ்: நரித்தலை தெய்வத்தின் காதலுக்கு ஏங்கும் பெண்ணின் கதை. (ஆண்டாளைக் கேள்விப்பட்டிருந்தால் இந்த மனுஷன் நாவலுக்கு எகிப்து வரை அலைந்திருக்கமாட்டார்.) மூன்றாவது, ஃப்ளாண்டர்ஸ் பக்கத்துச் சின்ன ஊர், முட்டைக்கோஸ் தோட்டம், அப்பா அம்மாவோடு கன்னியாகவே வாழ்ந்து பக்தி முற்றிச் சாகும் ஒரு பெண். மூன்றும் உண்மையில் ஒன்றேதானோ என்ற சந்தேகம் வேறு அவரைப் பிடுங்குகிறது. சந்தேகம் சரி. உடம்பின் ஆசையும் தெய்வத்தின் மேல் ஆசையும் ஒரே கொடியில் காய்ப்பவை என்பதுதான் மூன்றின் சாரம். கிழவர் அந்தோணியாரின் ஐந்நூறு பக்கமும் அதேதான். மனுஷன் சாமியாரைக் கொளுத்தவில்லை. வேஷம் மாற்றி மூன்று டிக்கெட்டில் ஊருக்கு அழைத்துவந்துகொண்டிருந்தார்.

ஊர் திரும்பியும் முடிவு எடுத்தபாடில்லை. 1851 ஜூலையில் து கானே கடிதம் போட்டு விசாரிக்கிறார்: இன்னும் டான் ஜுவான்தானா, இல்லை தெலமார் அம்மாள் கதையா? இரண்டாவது அருவியில் பெயர் சூட்டுவிழாவையே கண்ணால் பார்த்த சாட்சி கேட்கிற கேள்வியா இது? பெயர் விஷயத்துக்கு ஃப்ளோபேரே பின்னாளில் ஒரு விளக்கம் கொடுத்தார். கெய்ரோவில் தங்கிய ஹோட்டலின் முதலாளி பெயர் பூவாரே. அதைக் கொஞ்சம் திருகினால் போவாரி. உலக இலக்கியத்தின் பெரிய துயர நாயகிக்குப் பெயர் வந்த வழி லாட்ஜ் பில்.

1851 செப்டம்பர் 19 ராத்திரி எழுத உட்கார்ந்தார். பிடித்து உட்காரவில்லை, தண்டனையாக உட்கார்ந்தார். விரல் கணுக்களில் ஈயக் குண்டு கட்டிக்கொண்டு பியானோ வாசிக்கிற மாதிரி இருக்கிறது என்று பாரிசில் இருந்த காதலி லூயிஸ் கொலேவுக்குப் புலம்பல். கடிதம் மட்டும் மடை திறந்து வரும். நாவல் வாரத்துக்கு ஒரு பக்கம், இரண்டு பக்கம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பூயே இன்ஸ்பெக்ஷனுக்கு வந்துவிடுவார். எழுதிய ஒன்றரைப் பக்கத்தில் முக்கால் பக்கம் அடிபடும். மாடும் பன்றியும் பரிசு வாங்கும் விவசாயக் கண்காட்சி அத்தியாயத்துக்கு மட்டும் 1853-ன் பின்பாதி முழுவதும் போனது. அமைச்சகத்துக்குத் தராத விவசாய அறிக்கையை வட்டியோடு தந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம்.

நாலரை வருஷம் கழித்து 1856-ல் முடிந்தது. பத்திரிகையில் போடுகிறவர் யார்? ‘ரெவ்யூ து பாரி’ ஆசிரியர்களில் ஒருவரான அதே து கான். தேவையில்லாத சங்கதிகள் மண்டிக்கிடக்கின்றன, கைதேர்ந்த ஆள் ஒருவரை வைத்து நாங்களே வெட்டிக்கொள்கிறோம், செலவு நூறு ஃபிராங்க்தான் என்று எழுதினார். கடிதத்தின் முதுகில் ஃப்ளோபேர் ஒரே வார்த்தை எழுதிவைத்தார்: பிரம்மாண்டம்! ஓடும் குதிரைவண்டிக்குள் எம்மா காதலனோடு போகும் காட்சியைப் பத்திரிகை வெட்டியது. வெட்டியதைப் பார்த்துத்தான் உள்ளே என்னமோ இருக்கிறது என்று பலருக்குப் பொறிதட்டியது. வழக்கு வந்தது. 1857 ஜனவரி 29 அன்று அரசு வக்கீல் எர்னஸ்ட் பினார் நீதிமன்றத்தில் நாவலை விலாவாரியாக எடுத்துச் சொல்லிக் கண்டித்தார். அந்தக் காலத்தில் இதைவிடப் பெரிய புத்தக விமர்சனக் கூட்டம் கிடையாது. பிப்ரவரி 7-ல் விடுதலை. புத்தகம் பிய்த்துக்கொண்டு போனது. ஐந்து வருஷ உரிமையை ஃப்ளோபேர் ஏற்கெனவே எண்ணூறு ஃபிராங்குக்கு எழுதிக் கொடுத்திருந்தார்.

அந்த மார்ச் மாதமே ஒரு வாசகிக்கு எழுதிய கடிதத்தில், எம்மாவை முதலில் கன்னியாகவே கிழவியாகிப் பக்தியில் கரைகிறவளாகத்தான் நினைத்திருந்தேன் என்று ஒப்புக்கொள்கிறார். ஆக, முட்டைக்கோஸ் தோட்டத்துப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொடுத்ததுதான் ‘மதாம் போவாரி’. தெய்வத்துக்கு ஏங்கும் பெண் கார்த்தேஜுக்குக் குடிபெயர்ந்து 1862-ல் ‘சலாம்போ’ ஆனாள். டான் ஜுவான் மட்டும் குறிப்போடு நின்றுவிட்டார்.

சாமியார்? போவாரி முடிந்த கையோடு அவரைப் பரணிலிருந்து இறக்கி, வெட்டிச் சுருக்கி, சில துண்டுகளை ஒரு பத்திரிகையில் போட்டார். 1869 ஜூலையில் பூயே இறந்தார். ஃப்ளோபேர் உண்மையிலேயே உடைந்துபோனார். உடைந்துபோனவர் மூன்றாம் தடவையாக எழுத உட்கார்ந்தது அந்தோணியாரைத்தான். பிரான்சோடு நடந்த போரில் பிரஷ்யப் படை க்ருவாசே வீட்டில் குடியேறியபோது முதலில் ஒளித்துவைத்தவற்றில் சாமியார் குறிப்புகளும் உண்டு. 1874-ல் புத்தகம் வந்தது. விமர்சகர்கள் பூயே சொன்னதையே இன்னும் நீட்டிச் சொன்னார்கள்.

1880 மே மாதம் ஃப்ளோபேரும் போய்ச்சேர்ந்தார். அதே வருஷம் பிரெஞ்சு அகாதெமியில் இடம்பிடித்த து கான், அடுத்து என்ன எழுதுவது என்று குழம்பவே இல்லை. இலக்கிய நினைவுகள் எழுதினார். தோட்டமும் வந்தது, அருவியும் வந்தது. மறுத்துப் பேசக்கூடிய இருவரும் செத்துப்போன பிறகு ஞாபகசக்தி அப்படித்தான் வேலை செய்யும்.