பதிமூன்று பேரும் ஓர் ஆணியும்

கே: புது வீட்டுச் சாப்பாட்டு அறையில் டாவின்சியின் 'இறுதி இராவுணவு' படம் மாட்ட ஆசை. "அசல் இத்தாலியில இருக்கு. வெறும் பிரிண்ட்டுக்கு எதுக்கும்மா ரெண்டாயிரம்?" என்கிறார் மாமனார்.
– மணவூர் வாசகி

ப: மாமனாரை ஒருமுறை மிலானுக்கு அழைத்துப் போய் அசலைக் காட்டுங்கள். ரெண்டாயிரம் மலிவு என்று அவரே சொல்வார்.

ஈரச் சாந்து காய்வதற்குள் வரைந்து முடிக்கும் அவசரம் லியோனார்டோவுக்கு ஒத்துவராது. அதனால் காய்ந்த சுவரில் நிதானமாகத் தீட்டினார். 1498 வாக்கில் முடித்தார். அவர் உயிரோடு இருக்கும்போதே வண்ணம் உதிரத் தொடங்கிவிட்டது. 1652இல் அதே சுவரில் கதவு வைக்கிறோம் என்று இடித்ததில் இயேசுவின் பாதங்களே போய்விட்டன. (நம் ஊர் கொத்தனார்கள்தான் இப்படி என்று நினைத்திருந்தேன்.) 1978 முதல் 1999 வரை சீரமைத்தார்களே, அழிந்துபோன இடங்களில் என்ன இருந்தது என்று எதைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்? லியோனார்டோவின் வழிவந்த ஜாம்பியெத்ரினோ 1520 வாக்கில் கித்தானில் எடுத்து வைத்த நகலைப் பார்த்து! அதில் பாதங்கள் பத்திரமாக இருக்கின்றன. யூதாசின் கை பட்டுக் கவிழ்ந்த உப்புக் கிண்ணமும் இருக்கிறது. அசலுக்கே வைத்தியம் பார்த்தது நகல்தான் என்று மாமனாரிடம் சொல்லுங்கள்.

இடமும் சரிதான். துறவிகள் சாப்பிடும் கூடத்துக்கென்றே வரைந்த படம் அது. அளவில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். அசல் ஏறக்குறைய 9 மீட்டர் அகலம். நீங்கள் மூன்றடியாவது வாங்குங்கள். ஒன்றரை அடியில் வாங்கினால், பதிமூன்று பேரும் காலை நேர அரக்கோணம் லோக்கலில் தொங்குகிறவர்கள் மாதிரித்தான் தெரிவார்கள்.

கே: யூதாஸ் இருக்கிற படம் வீட்டுக்கு ஆகாது என்கிறாரே பக்கத்து வீட்டு அக்கா?
– அதே வாசகி

ப: எது யூதாஸ் என்று அக்காவைக் காட்டச் சொல்லுங்கள். இடமிருந்து நான்காவது ஆள். முகம் நிழலில், பிடி பணப்பையில். சாப்பாட்டுப் பந்தியிலும் பர்சை விடாத சொந்தக்காரர் உங்கள் வீட்டுக்கு இதுவரை வந்ததே இல்லையா?

கே: நாங்கள் தணிகை முருகனைக் கும்பிடுகிறவர்கள். வேளாங்கண்ணியில் வாங்கிய மாதா படத்தைப் பூஜை அலமாரியில் வைக்கலாமா?
– திருத்தணி வாசகர்

ப: வைத்துவிட்டுத்தானே கேட்கிறீர்கள்? 1580இல் பதேபூர் சிக்ரிக்கு வந்த இயேசு சபைப் பாதிரியார்கள் ரோமில் பேர்போன ஒரு மாதா படத்தின் நகலைக் கொண்டுவந்தார்கள். அக்பர் நேரில் போய்ப் பார்த்து வியந்தார். அவருடைய ஓவியர்கள் ஐரோப்பியப் படங்களைப் பார்த்து வரையவும் ஆரம்பித்தார்கள். பாதுஷாவே கூச்சப்படவில்லை, உங்களுக்கென்ன? வேளாங்கண்ணி மாதாவோ புடவை கட்டியவர், முருகன் வேற்றாளாகப் பார்க்கமாட்டார். குத்துவிளக்குக்கு நேர் மேலே மட்டும் வேண்டாம். சாமி குத்தத்துக்காகச் சொல்லவில்லை, எண்ணெய்ப் புகைக்காகச் சொல்கிறேன்.

கே: அப்பா காலத்துத் திருஇருதயப் படம் மெல்ல மெல்ல முழுக்க நீலமாகிவிட்டது. அதிசயமா?
– அரக்கோணம் வாசகர்

ப: பங்குச் சாமியாரிடம் ஓடிவிடாதீர்கள். அச்சு மையில் மஞ்சளும் சிவப்பும் வெயிலில் முதலில் வெளுக்கும், நீலம் மிஞ்சும். ஜன்னல் வெயில் விழாத சுவருக்கு மாற்றுங்கள்.

உங்கள் படத்துக்குக் கொள்ளுத் தாத்தா, 18ஆம் நூற்றாண்டில் ரோமின் ஜேசு ஆலயத்துக்காகப் பொம்பேயோ பத்தோனி செம்புத் தகட்டில் வரைந்தது. அதில் இயேசு இருதயத்தைக் கையில் ஏந்தியிருப்பார். நகலுக்கு நகல் எடுத்ததில் நம் வீடுகளுக்கு வரும்போது அது பெரும்பாலும் நெஞ்சில் ஏறிவிட்டது. கீழே ஜீரோ வாட்ஸ் சிவப்பு பல்பு நம்மவர்களின் சேர்க்கை. அதை எடுக்கச் சொல்லமாட்டேன். நடுராத்திரி தண்ணீர் குடிக்க எழுகிறவர்களுக்கு அதுதான் வழித்துணை. பழைய படத்தை எறிய மனசு வராவிட்டால், அதே சட்டத்தில் புதுப் படத்துக்குப் பின்னால் வைத்துத் தரச் சொல்லுங்கள்.

கே: கதவைத் தட்டும் இயேசு படத்தை வாசலுக்கு வெளியே மாட்டுவதா, உள்ளேயா?
– திருவாலங்காடு வாசகி

ப: உள்ளே. 1850களில் ஹோல்மன் ஹன்ட் வரைந்த மூலப் படத்தில் கதவுக்கு வெளிப்பக்கம் கைப்பிடியே கிடையாது. உள்ளே இருப்பவர் மனசு வைத்தால்தான் திறக்கும். வெளியே மாட்டினால் அதைப் பார்த்து யோசிக்க வேண்டியவர் கூரியர் பையன்தான். தவிர, ஐப்பசி மழையில் அட்டை உப்பிப்போகும்.