இரண்டு சென்டிமீட்டர் கௌரவம்

புதுச்சேரியில் ஜிம்னி வைத்திருப்பவனுக்கு முதல் சங்கடம், ஏறுவதற்கு மலை கிடையாது. மேடு என்று பேர் வாங்கிய கோரிமேட்டிலேயே டவுன் பஸ் மூச்சு வாங்காமல் ஏறிவிடுகிறது. என் வண்டியின் சாம்ராஜ்யம் லாஸ்பேட்டை வீட்டில் தொடங்கிப் பெரிய மார்க்கெட்டில் முடிகிறது. கத்தரிக்காய் வாங்க நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி! ஆனாலும் ஆஃப் ரோடு வண்டி வாங்கியவன் டயரைப் பெரிசாக்காவிட்டால் ஊர் மதிக்காது என்பது என் சித்தாந்தம்.

கம்பெனி போட்டுக் கொடுத்த டயரில் 195/80 R15 என்று இருக்கும். 195 என்பது அகலம், மில்லிமீட்டரில். பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 80 சதவீதம். R என்றால் ரேடியல்; பிரான்சின் மிஷ்லென் கம்பெனி 1946-இல் காப்புரிமை எடுத்த அமைப்பு. 15 மட்டும் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 1970-களில் மிஷ்லென் ரிம்மையும் மில்லிமீட்டருக்கு இழுத்துப் பார்த்தது; உலகம் மசியவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் 1954-இல் நிர்வாகத்தை ஒப்படைத்த பிறகும் 'ரூ' என்று பலகை மாட்டிய தெருவில் நின்று இங்கிலீஷில் பேரம் பேசுகிற ஊர்க்காரனுக்கு இந்தக் கலப்படக் கணக்கு தண்ணி பட்ட பாடு.

கால்குலேட்டரை எடுத்தேன். 195-இல் 80 சதவீதம் 156. மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர், ஆக 312. 15 அங்குல ரிம் 381. மொத்த விட்டம் 693 மில்லிமீட்டர். நான் கண் வைத்திருந்த 235/75 R15-க்கு 733.5. நாற்பது மில்லிமீட்டர் லாபம் என்று மனைவியிடம் முழங்கினேன். அவள் கணக்கு டீச்சர்.

"விட்டம் நாற்பது கூடினா வண்டி இருபதுதாங்க உயரும். ரெண்டு சென்டிமீட்டருக்கு அஞ்சு டயரா? பின் கதவுல தொங்குற ஸ்டெப்னிய யாரு மாத்துவா?"

டயர் கடைத் தம்பிக்கு என்மீது அக்கறை அதிகம். "ரிம்மையும் பதினெட்டு ஆக்கிடுங்க சார், கெத்தா இருக்கும்" என்றான். மொத்த விட்டம் மாறாமல் ரிம் மட்டும் பெருத்தால் பக்கச் சுவர் குட்டையாகும். கல்லிலும் மணலிலும் வளைந்து கொடுப்பது அந்தச் சுவர்தான். அதனால் நிஜமாகவே காடு மேடு சுற்றுகிறவர்கள் சின்ன ரிம்மும் உயரமான சுவரும் தேடுவார்கள். பெரிய ரிம் காபிக் கடை வாசலில் நிறுத்துவதற்கு. என் தேவை இன்னதென்று தம்பி முகத்தைப் பார்த்தே எடை போட்டுவிட்டான்.

பெரிய டயர் தனியாக வருவதில்லை, சீர்வரிசையோடு வரும். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் உள்ளே உரசும். எடை கூடும், மைலேஜ் இறங்கும். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 63-ஐத் தாண்டியிருக்கும். சண்டே மார்க்கெட் நெரிசலில் 8-இல் ஊர்கிற நான் உண்மையில் எட்டரையில் பறந்துகொண்டிருப்பேன் என்று நினைக்கவே மயிர்க்கூச்செறிந்தது.

கடைசி அஸ்திரமாக வெள்ளத்தை எடுத்தேன். 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது இங்கே ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது.

"அன்னைக்கு கிருஷ்ணா நகருக்கு மிலிட்டரியே போட்டோடதான் வந்துச்சு. நீங்க ரெண்டு சென்டிமீட்டரோட போயிருப்பீங்களாக்கும்" என்றாள்.

ராஜஸ்தான் மணலில் வண்டி ஓட்டிய நண்பர் ஒருவர் பஞ்சாயத்துக்கு வந்தார். மணலில் இறங்கும்போது காற்றை 18 பி.எஸ்.ஐ. வரை இறக்கினால் டயர் தரையில் அகலமாகப் படிந்து புதையாமல் போகுமாம். தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி அடித்துக்கொள்ள வேண்டுமாம். மற்றபடி டிரைவர் கதவோரத்து ஸ்டிக்கரில் இருக்கும் அளவே போதுமாம். செலவு பைசா இல்லை.

அங்கேதான் எனக்கு இடித்தது. டயரைப் பெரிசாக்கினால் தெருவே நின்று பார்க்கும். காற்றை இறக்கினால், எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து, "சார், பஞ்சர்!" என்பார்.