பார், பார்க்காதே: தமிழர் இல்ல அலங்காரம் குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுக் களமும் கருதுகோளும்

வீட்டை அலங்கரிப்பது பற்றித் தமிழில் கிடைக்கும் குறிப்புகள் பெரும்பாலும் தீபாவளி மலர்களில் பட்டுப்புடவை விளம்பரங்களுக்கு நடுவே ஒதுங்கிக் கிடப்பவை. திரைச்சீலை சோபாவோடு ஒத்துப்போக வேண்டும், மூலையில் ஒரு செடி வைக்க வேண்டும், சுவரில் கண்ணாடி மாட்டினால் அறை பெரிதாகத் தெரியும் என்ற அளவோடு அவை நின்றுவிடுகின்றன. அறை ஏன் பெரிதாகத் தெரிய வேண்டும், யாருக்குத் தெரிய வேண்டும், தெரிந்த பிறகு அவர் என்ன செய்வார் ஆகிய அடிப்படை வினாக்களை இத்துறை எழுப்பியதே இல்லை. ஆகவே இக்கட்டுரை தேவைப்பட்டது.

களம்: தமிழ்நாட்டுச் சிற்றூர், பேரூர்களில் ஹவுசிங் லோன் போட்டுக் கட்டிய வீடுகள். இன்டீரியர் டிசைனரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, முடிந்ததும் வந்து பார்த்தவர்களின் வீடுகள் ஆய்வுக்குத் தகுதியற்றவை என விலக்கப்பட்டன. முறை: விருந்தாளியாகப் போய், காபி வரும்வரை ஹாலில் உட்கார்ந்திருத்தல். மானிடவியலார் இதைப் பங்கேற்று நோக்கல் என்பர். வீட்டுக்காரர்கள் ‘சும்மா இந்தப் பக்கம் வந்தாராம்’ என்பர்.

கருதுகோள் எளியது. வீட்டுக்குள்ளே இருக்கும் அலங்காரம் அனைத்தும் ‘பார்’ என்கிறது. வாசலில் இருக்கும் அலங்காரம் அனைத்தும் ‘பார்க்காதே’ என்கிறது. இரண்டையும் மாட்டி வைத்தவர் ஒரே ஆள். பெரும்பாலும் ஒரே ஏணியில் நின்று, ஒரே ஞாயிற்றுக்கிழமையில்.

ஷோகேஸ் அகழாய்வு

1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டைத் தோண்டியபோது மண்ணை அடுக்கடுக்காகப் பிரித்து, எந்த அடுக்கில் என்ன கிடைத்தது என்று பதிந்தார். ரோமானியப் பானை ஓட்டின் காலம் தெரிந்திருந்ததால் அதனோடு கிடந்தவற்றின் காலமும் தெரிந்தது. ஹால் ஷோகேஸையும் இந்த முறையில் அணுகுவதே நேர்மை.

கீழ்த்தட்டு தொன்மையானது. கல்யாண ஆல்பமும் அதே கல்யாணத்தின் வீடியோ கேசட்டும் அங்கே இருக்கும். கேசட்டைப் போட்டுப் பார்க்கும் கருவி தெருவிலேயே கிடையாது. இருந்தும் அதைத் தூக்கிப் போடலாம் என்று சொல்லும் துணிச்சல் கணவர்களுக்கு வருவதில்லை. அதற்கு மேலே பிள்ளைகளின் கோப்பைக் காலம்: மாறுவேடப் போட்டியில் கலந்துகொண்டதற்கு, ஓட்டப் பந்தயத்தில் கலந்துகொண்டதற்கு, கலந்துகொண்டதற்கு. அதற்கும் மேலே சுற்றுலாக் காலம். பெயர் எழுதிய கன்னியாகுமரிச் சங்கு, உள்ளே பல்பு எரியும் தாஜ்மகால், மைசூர் யானை.

“அண்ணி, இந்த யானை சந்தனக் கட்டையா?”

“ஆமா. மைசூர் போனப்ப வாங்குனது. அப்பல்லாம் நல்லா வாசம் வரும்.”

இப்போது ஏன் வரவில்லை என்று கேட்பது ஆய்வு அறத்துக்கு மாறானது.

மேல்தட்டின் நடுநாயகம் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை. 2008-09இல் புவிசார் குறியீடு பெற்ற பொருள். நாட்டியப் பெண்ணின் தலை, உடல், பாவாடை எல்லாம் தனித்தனித் துண்டுகளாகக் கோத்து நிற்பதால் விரல் பட்டாலே ஆடும். ராஜா ராணி வகைக்கு அடி உருண்டை, கனமும் அங்கேயே இருப்பதால் எத்தனை முறை சாய்த்தாலும் எழுந்துகொள்ளும். ஆட்டுவதற்கென்றே செய்த இந்தப் பொம்மையைக் கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறோம். பூட்டின் சாவி பீரோவில் இருக்கிறது. பீரோ சாவி பாட்டியிடம் இருக்கிறது. பாட்டி பெரியவன் வீட்டில் இருக்கிறார். தெருவில் தண்ணீர் லாரி போகும்போது மட்டும் பொம்மை தானாக லேசாகத் தலையசைக்கும்.

ஆனால் ஷோகேஸ் ஆய்வில் மிக முக்கியமான கண்டுபிடிப்பு நடுவில் இருக்கும் குழி. 1990களில் செய்த எந்த ஷோகேஸிலும் இக்குழி உண்டு. 21 அங்குல டிவியை அளந்து, பின்னால் புடைத்த அதன் முதுகுக்கும் இடம் விட்டு, இனி உலகில் டிவி என்றால் இதுதான் என்ற உறுதியோடு ஆசாரி அடித்த குழி. தட்டை டிவி வந்தது. அது குழிக்குள் நுழையாது. ஆகவே பக்கத்துச் சுவரில் ஏறிக்கொண்டது. குழி காலியாகவில்லை. செட்டாப் பாக்ஸ், மோடம், மோடத்தின் மேல் ஒரு குட்டிப் பிள்ளையார், ரேஷன் கார்டு, இபி கார்டு, பல் போன சீப்பு, பாதி குடித்த இருமல் மருந்து, பார்சலில் வந்த ரப்பர் பேண்டுகள் சுற்றிய பேனா. ஷோகேஸ் முழுவதிலும் அன்றாடம் கை படும் ஒரே இடம் இதுதான். அலங்காரம் என்று எதுவும் இல்லாத இடமும் இதுதான்.

தட்டை டிவி தனியாக வரவில்லை. பிரெஞ்சு அறிஞர் தெனி திதரோ 1769இல் தம் பழைய வீட்டு அங்கியை நினைத்து வருந்தி ஒரு கட்டுரை எழுதினார். புதிதாக வந்த சிவப்பு அங்கிக்கு முன்னால் நாற்காலி, மேசை, சுவர்ப் படம் எல்லாம் அற்பமாகத் தெரிய, ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனாராம். 1988இல் கிரான்ட் மெக்ராக்கன் என்ற மானிடவியலாளர் இதற்குத் திதரோ விளைவு என்று பெயரிட்டார். நம்மூர் வரிசை வேறு. டிவி மாட்டியதும் சுவர் மங்கலாகத் தெரிந்தது. அந்த ஒரு சுவருக்கு மட்டும் அடர்நிற டெக்ஸ்சர் பெயிண்ட். சுவர் எடுப்பாகிவிட்டதால் மேலே பார்த்தார்கள், ஃபால்ஸ் சீலிங். சீலிங் இறங்கியதில் ஃபேன் தலையில் இடித்தது; ஃபேன் கம்பியைக் குட்டையாக்கினார்கள்; காற்று போயிற்று; ஏசி வந்தது. திதரோ கொடுத்துவைத்தவர். அவருக்குக் கரன்ட் பில் கிடையாது.

அன்பளிப்புகளின் சுற்று

ஷோகேஸில் உள்ளவை அனைத்தும் வாங்கப்பட்டவை அல்ல. கணிசமானவை வந்து சேர்ந்தவை. இங்கே பிரோனிஸ்லாவ் மாலினோவ்ஸ்கியைத் துணைக்கு அழைக்க வேண்டும். நியூகினியை ஒட்டிய டிரோபிரியாண்ட் தீவுகளில் நடக்கும் குலா என்ற பரிமாற்றத்தை 1922இல் வெளிவந்த நூலில் அவர் விவரித்தார். சிவப்புச் சங்கு மாலைகள் தீவுக்குத் தீவு கடிகாரச் சுற்றில் போகும். வெண்சங்குக் கைவளைகள் எதிர்ச் சுற்றில் வரும். யாரும் எதையும் நிரந்தரமாக வைத்துக்கொள்வதில்லை. சில காலம் வைத்திருந்து அடுத்தவருக்குக் கொடுப்பதில்தான் கௌரவம்.

தமிழகத்தில் கடிகாரமே சுற்றில் போகிறது. கிரகப்பிரவேசத்துக்கு வந்த சுவர்க் கடிகாரங்களில் ஒன்று ஹாலுக்கு, ஒன்று பெட்ரூமுக்கு. மற்றவை வண்ணக் காகிதம் பிரியாமல் பரணுக்கு. அங்கிருந்து அடுத்த முகூர்த்தத்துக்குப் புறப்படும். டிரோபிரியாண்ட் தீவினர் ஒவ்வொரு மாலைக்கும் பெயரும் வரலாறும் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்கிறார் மாலினோவ்ஸ்கி. நம் பெண்மணிகள் அதற்குச் சளைத்தவர்கள் அல்லர். “அது வேணாங்க, அது உங்க சித்தப்பா குடுத்தது, அவங்களும் அந்தக் கல்யாணத்துக்கு வருவாங்க” என்று பரணுக்குக் கீழே நின்றபடி, பெட்டியைப் பார்க்காமலே சொல்லக்கூடியவர்கள்.

சிரிக்கும் புத்தர் தனி வகை. பத்தாம் நூற்றாண்டுச் சீனாவில் துணி மூட்டையோடு திரிந்ததாகச் சொல்லப்படும் பூதாய் என்ற துறவி அவர், கௌதமர் அல்லர். அவரைத் தானே வாங்கக் கூடாது, பிறர் தர வேண்டும் என்பது நம்பிக்கை. எனவே இரு நண்பர்கள் ஒரே கடைக்குப் போய், ஆளுக்கொன்று வாங்கி, கடை வாசலிலேயே மாற்றிக்கொள்கிறார்கள். புத்தர் சிரிப்பதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

படுக்கையறை

விருந்தினர் போவதில்லை. எனவே அலங்காரமும் போகவில்லை. காலிங் பெல் அடித்ததும் ஹாலில் இருந்து தூக்கி வரும் துணி நாற்காலி இங்கே நிற்கிறது.

வாசல்

கதவைத் தாண்டி வெளியே வந்தால் மொழி மாறிவிடுகிறது. நிலைக்கு மேலே பல்லும் மீசையுமாய்ப் பூத முகம். பக்கத்தில் முகம் வரைந்த பூசணிக்காய். கறுப்புக் கயிற்றில் படிகாரம். எலுமிச்சம்பழமும் மிளகாயும். வேர் மேலாக, இலை கீழாகக் கற்றாழை. தெருவைப் பார்த்து ஒரு கண்ணாடி. கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாது என்பதால் எந்த ஓட்டையும் விடப்படவில்லை.

இவற்றுள் ஆகாச கருடன் கிழங்கு அறிவியல் தத்துவத்துக்கே சவால் விடுவது. மண்ணும் இல்லை, தண்ணீரும் இல்லை. கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் தன்னுள் இருக்கும் சேமிப்பைக் கொண்டே கொடி விடும். துளிர்த்தால், வீட்டுக்கு நல்ல காலம். வாடினால், நமக்கு வர இருந்த திருஷ்டியை அது வாங்கிக்கொண்டது. ஒரு கொள்கை பொய்யென்று காட்ட வழி இருந்தால்தான் அது அறிவியல் என்று கார்ல் பாப்பர் 1934இல் எழுதினார். அவர் கிழங்கைப் பார்த்ததில்லை.

மணிபிளான்ட் உள்ளேயும் வெளியேயும் வாழும் இரட்டைக் குடியுரிமை கொண்டது. அதன் பூர்வீகம் பசிபிக் கடலில் உள்ள மூரியா தீவு. மரத்தில் ஏறவிட்டால் முறம் அளவுக்கு இலை விடும். ஹார்லிக்ஸ் பாட்டிலில் வைத்தால் குழந்தையாகவே இருந்துவிடும். திருடி வைத்தால்தான் வளரும் என்பது ஊர் வழக்கு. இதைத் தாவரவியல் ஓரளவு ஆதரிக்கிறது. இச்செடி பூப்பது அபூர்வத்திலும் அபூர்வம்; பூக்கத் தேவையான ஜிப்ரலின் ஹார்மோனைச் சரியாக உண்டாக்க இதனால் முடிவதில்லை. எனவே விதை இல்லை. உலகில் உள்ள மணிபிளான்ட் அத்தனையும் யாரோ ஒருவர் வீட்டில் இருந்து கிள்ளி வந்த துண்டுதான்.

திண்ணை பற்றி நீளமாக எழுதலாம். ஆனால் திண்ணை இல்லை. திருக்கோவலூரில் மழைக்கு ஒதுங்கிய முதலாழ்வார்களின் இடைகழி ஒருவர் படுக்க, இருவர் இருக்க, மூவர் நிற்கப் போதுமானதாக இருந்தது என்பது வைணவ மரபு. இந்த அளவுகோலால் இன்றைய ஃபிளாட் பால்கனியை அளந்தால்: வாஷிங் மெஷின் நிற்கலாம், சிலிண்டர் இருக்கலாம், மனிதர் ஒருவர் பக்கவாட்டில் நிற்கலாம். புறா வராமல் வலையும் உண்டு. பில்டர் தந்த வண்ணப் புத்தகத்தில் இதே பால்கனியில் பிரம்பு ஊஞ்சலும் காபிக் கோப்பையும் இருந்தன.

கருதுகோளுக்கு எதிரான சான்று ஒன்றை மறைக்கக் கூடாது. செட்டிநாட்டு வீடுகள் தெருவைப் பார்த்தும் ‘பார்’ என்றவை. முகப்பில் சுதையில் கஜலட்சுமி, உள்ளே பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, கண்ணாடித் தகட்டின் மேல் கையால் வார்த்தெடுத்த ஆத்தங்குடிக் கல். அவற்றில் பல இன்று பூட்டிக் கிடக்கின்றன. காவல்காரர் ஒருவர் சாவி வைத்திருக்கிறார். காரணம் பர்மா வணிகம் போனதா, கண் பட்டதா என்று கேட்டால் வரலாற்றாசிரியர்கள் ஒன்றைச் சொல்வார்கள், காரைக்குடிப் பாட்டிமார் வேறொன்றைச் சொல்வார்கள்.

முரண்பாட்டின் தீர்வு

வாசல் தடுக்கும் கண்ணும் ஷோகேஸ் அழைக்கும் கண்ணும் ஒரே விருந்தாளியுடையவை. பூத பொம்மையைத் தாண்டித்தான் அவர் தலையாட்டி பொம்மையிடம் வர முடியும். அது மட்டுமல்ல, தெருவிலேயே எல்லோரும் பார்ப்பது அந்தப் பூதத்தைத்தான். “பெரிய பூதம் மாட்டியிருக்குமே, அந்த வீடு” என்று உணவு கொண்டுவரும் பையனுக்கு வழி சொல்கிறார்கள். அப்படியானால் வீட்டுக்காரர் கேட்பது என்ன?

விடை, வீட்டைச் சுற்றிக் காட்டும்போது அவர் பேசும் பேச்சில் கிடைக்கிறது. சமையலறை மேடையின் கிரானைட்டைக் காட்டிய அடுத்த நொடி, “என்ன, சிங்க்கு கொஞ்சம் சின்னதாப் போச்சு” என்பார். மாடி ஹாலைக் காட்டிவிட்டு, “எங்கண்ணே, கடன்தான் கழுத்த நெரிக்குது” என்பார். பெயிண்டைப் பாராட்டினால், மழையில் ஓதம் அடித்த மூலைக்கு அவரே கையைப் பிடித்துக் கூட்டிப்போவார். இது பணிவு அல்ல. குழந்தையின் கன்னத்தில் வைக்கும் மைப்பொட்டை வீட்டின் மேல் வாயால் வைக்கிறார். அவருக்கு வேண்டியது வியப்பு, பொறாமை வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் விரல்கடை இடம்தான் உண்டு. தமிழர் இல்ல அலங்காரம் முழுவதும் அந்த இடத்தில் நடக்கிறது. திரைச்சீலை நிறம் பற்றிய குறிப்புகளை இதன்பின் படித்துக்கொள்ளலாம்.

ஆகையால் கிரகப்பிரவேசத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுக்காரர் குறை சொல்லும்போது “ஆமா, நானும் பாத்தேன்” என்று சொல்லிவிடாதீர்கள். “இதெல்லாம் ஒரு கொறையாண்ணே” என்று மறுத்துவிடுங்கள். சுவர்க் கடிகாரம் வாங்கிப் போகாதீர்கள். பணமாகக் கவரில் வைத்துக் கொடுங்கள், ஒரு ரூபாய் நாணயத்தோடு.