முழங்கை சம்பந்தமாக ஒரு விண்ணப்பம்

பெறுநர்: வணிகம், புத்தாக்கம், வேலைவாய்ப்பு அமைச்சகம், வெலிங்டன்
அனுப்புநர்: பழைய கார் வைத்திருப்பவன், மனுகாவ், தெற்கு ஆக்லாந்து
பொருள்: 1993-ஆம் வருட நுகர்வோர் உத்தரவாதச் சட்டப்படி ஆர்ம்ரெஸ்ட் ஒன்று கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

சட்டத்தைப் படித்துவிட்டுக் கடிதம் எழுதுகிற குடிமகன் தங்களுக்கு அபூர்வமாகத்தான் வாய்ப்பான். நான் படித்துவிட்டேன். பிரிவு 12 என்ன சொல்கிறது? ஒரு பொருளைப் பழுதுபார்க்கும் வசதியும் அதற்கான உதிரிபாகமும் நியாயமான அளவில், நியாயமான காலத்துக்குக் கிடைக்கும்படி, செய்தவர் நியாயமான நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. ஒரே வாக்கியத்தில் மூன்று நியாயம்! எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் பொழுது சாயும்வரை பேசினாலும் ஒன்றுகூடத் தேறாது. செய்தவர் வெளிநாட்டுக்காரர், இங்கே அவருக்குக் கடையே இல்லை என்றால் இறக்குமதி செய்தவரைச் செய்தவராக எடுத்துக்கொள்ளலாம். வெளிநாட்டில் ஏற்கெனவே ஓடிய பழைய பொருளாக இருந்தாலும், இந்த நாட்டில் முதன்முறை விற்கப்படும்போது இந்த உத்தரவாதம் உண்டு. படித்ததும் மனசு நிறைந்துபோயிற்று.

விஷயம் சின்னது. என் கார் ஜப்பானில் யாரோ ஓட்டிவிட்டுக் கப்பலேற்றி அனுப்பியது. இந்த நாட்டுச் சாலைகளில் ஓடும் கார்களின் சராசரி வயதே 14-க்கு மேல் என்பதால், அதைக் கிழம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. எஞ்சின் நன்றாக இருக்கிறது. சாவியைத் திருப்பினால் ஒரு ஜப்பானியப் பெண்குரல், சுங்கச்சாவடிக் கார்டைச் செருகவில்லை என்று தினமும் மரியாதையாக நினைவூட்டும். ஜப்பான் நெடுஞ்சாலைக்கான கார்டு அது. மனுகாவில் அதை எங்கே வாங்குவது என்று அந்த அம்மாளுக்கும் தெரியாது. போனது ஒன்றே ஒன்றுதான்: முன்சீட்டுகளுக்கு நடுவே இருக்கும் பெட்டியின் மூடி. ஓட்டுகிறவனின் இடது முழங்கை ஊன்றும் இடம்.

மேலே ரெக்சின், உள்ளே ஸ்பாஞ்சு, அடியில் பிளாஸ்டிக் தட்டு. அவ்வளவுதான் அதன் உடம்பு. ரெக்சினை இளக்கமாக வைத்திருக்கும் சேர்மானம் வெயிலில் மெல்ல வெளியேற, அது விறைத்து வெடிக்கிறது. வெடிப்பு வழியே ஈரம் இறங்கி, ஸ்பாஞ்சு இற்றுப் பொடியாகிறது. இங்கே கோடையில் புறஊதாக் கதிரின் உச்சம், வடக்கே இதே அட்சரேகையில் இருக்கும் ஊர்களைவிடச் சுமார் 40 சதவீதம் அதிகம். ஈரத்துக்கு ஆக்லாந்தில் என்றைக்குப் பஞ்சம்? கடைசியாகக் கீலும் ஒடிந்தது. சதர்ன் மோட்டார்வேயில் காலை நெரிசலில் நிற்பவர்களுக்குத் தெரியும், ஊன்ற இடமில்லாத முழங்கை எவ்வளவு கனம் என்று.

டீலரிடம் போனேன். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம்; கவுன்டரில் இருந்த தம்பி நல்ல பிள்ளை. சேஸி நம்பரைத் தட்டிப் பார்த்தான். அந்த மாடல் ஜப்பானுக்கென்றே செய்தது, இங்கே அவர்கள் விற்றதில்லை. மூடி தனியாக வராது, முழு கன்சோலாகத்தான் வரும். முழு கன்சோல் செய்வதையும் நிறுத்தியாயிற்று. பிரிவு 12-ஐ எடுத்துச் சொன்னேன். அவன் முகத்தில் ஒரு பரிவு தெரிந்தது.

வீட்டுக்கு வந்து சட்டத்தின் பிற்பகுதியையும் படித்தேன். அங்கே பிரிவு 42 உட்கார்ந்திருக்கிறது. உதிரிபாகத்துக்குப் பொறுப்பேற்கவில்லை என்பதை விற்கும்போதோ முன்போ தெரியப்படுத்த நியாயமான நடவடிக்கை எடுத்திருந்தால், 12 செல்லாது. நான்காவது நியாயம் முதல் மூன்றையும் விழுங்கிவிட்டது. அதையும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்த நாட்டில் முதலில் வாங்கியவருக்குச் சொன்னால் போதும். அவர் இப்போது எந்த ஊரில், எந்தக் காரில், எதன் மேல் கைவைத்து உட்கார்ந்திருக்கிறாரோ! இந்த 42-ஐயே எடுத்துவிடச் சொல்லி பசுமைக் கட்சியின் மராமா டேவிட்சன் ஒரு மசோதா கொண்டுவந்தார். இவ்வளவு அவசரம் கூடாது. சட்டம் வந்து முப்பது வருஷம்தானே ஆகிறது.

தாங்கள் வெலிங்டனில் இருப்பதால் ஓர் உள்ளூர்ச் சேதி. மனுகாவை ஒட்டிய வீரியில் நிசான் ஆலை இருந்தது. ஃபோர்டும் மஸ்டாவும் சேர்ந்து நடத்திய ஆலையும் அங்கேதான். கப்பலில் பெட்டி பெட்டியாக வந்த பாகங்களை இங்கே பூட்டிக் காராக்கினார்கள். உள்ளூர்ச் சரக்கும் சேர வேண்டும் என்பது அன்றைய கொள்கை. ஆகவே டயர், பேட்டரி, கண்ணாடி, சீட் தையல் எல்லாம் இந்த நாட்டுக் கைவேலையாக இருந்தன. ஃபோர்டு-மஸ்டா ஆலை 1997-ல் மூடியது. 1998-ல் கார் இறக்குமதித் தீர்வையை அரசு எடுத்துவிட்டது. நிசானும் அந்த வருஷமே பூட்டிக்கொண்டு போனது. கார் விலை இறங்கியது, மறுக்கவில்லை. அந்த மலிவில் வாங்கியவன்தான் நானும். ஆனால் முழுக் காரையே பூட்டி வாசலுக்கு ஓட்டிவந்த பேட்டையில், இன்று ஒரு சாண் மூடிக்கு நாதியில்லை.

ஓட்டாஹுஹு, வீரி, டகானினி என்று பழைய கார் யார்டுகள் உண்டு. மழையில் ஸ்பானரும் கையுமாக, செத்த கார்களுக்குள் தலையை விட்டுத் தேடினேன். என் மாடல் கிடைத்தது. மூடியும் இருந்தது, அதே இடத்தில் அதே வெடிப்போடு. இன்னொன்றில் நமக்கு முன்பே யாரோ கழற்றிப் போயிருந்தார். அந்தப் புண்ணியவானும் இந்தத் தெற்கு ஆக்லாந்தில்தான் எங்கோ சுகமாக ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

சென்னையாக இருந்தால் புதுப்பேட்டையில் ஒரு நடை. அங்கே இல்லையென்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் சீட் கவர் தைப்பவரிடம் உடைந்ததை நீட்டினால் போதும். பழைய ரெக்சினைத் தையல் பிரித்து, அதையே அச்சாக விரித்துப் புதிதை வெட்டுவார். அடர்த்தியான ஸ்பாஞ்சை வைத்து, பசை தடவி, ஓரத்தை இழுத்துப் பின் அடிப்பார். பேரம் பேசும் நேரம்தான் அதிகம். பிரிவு 12 என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அவருக்குத் தெரியாது. இங்கே அதே வேலைக்கு ஓர் அப்ஹோல்ஸ்டரிக்காரர் சொன்ன கூலியைக் கேட்டு, காரையே விற்றுவிடலாமா என்று யோசித்தேன். அவரையும் குறை சொல்ல முடியாது. கடை வாடகை இருக்கிறதே.

தகுதிச் சான்றுச் சோதனையில் டயர்ப் பள்ளம் 1.5 மில்லிமீட்டர் இருக்கிறதா, வைப்பர் துடைக்கிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். ஆர்ம்ரெஸ்ட் இல்லாவிட்டால் கேள்வியில்லை. நானே பலகை வெட்டி ஒன்று செய்து பொருத்தினால் கேள்வி வரும். உள்ளே இருக்கும் பொருத்துகள் மோதலில் ஆளைக் காயப்படுத்தக் கூடாது என்று 2001-லேயே விதி இருக்கிறது. நல்ல விதி. ஆகவே இப்போதைக்கு ஐந்து கிலோ பொன்னி அரிசி மூட்டையை நடுவில் வைத்திருக்கிறேன். சோதித்தவர் அதைப் பார்த்தார், சரக்கு என்று முடிவு கட்டினார், சான்று ஒட்டினார்.

என் கோரிக்கைகள் அடக்கமானவை. அந்த நியாயமான காலம் எத்தனை வருஷம் என்று எண்ணில் எழுதிவிடுங்கள். 14 வயதுக் கார்களின் நாட்டில் அது 14-க்குக் குறைய வேண்டாம். டீலர் விற்கும் பழைய காரின் கண்ணாடியில் ஓடிய தூரம், கடன் பாக்கி, அடிபட்டு இறங்கிய வண்டியா என்பதையெல்லாம் அட்டையில் எழுதி ஒட்டச் செய்திருக்கிறீர்கள். உதிரிபாகம் எந்த வருஷம்வரை கிடைக்கும் என்று அதில் இன்னொரு வரி சேர்த்தால் மை எவ்வளவு செலவாகும்? ஒரு பாகத்தைச் செய்வதை நிறுத்துகிறவர், அதன் அளவுகளையாவது வெளியிடட்டும்; கீலை வார்க்க வீரியில் பட்டறைகள் இருக்கின்றன. இவை மூன்றும் இயலாது என்றால் வாகனத் தகராறு தீர்ப்பாயத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே 1,00,000 டாலர்வரை கேட்கலாமாம். எனக்கு ஒரு மூடி போதும்; மிச்சத்தைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம்.

பதிலை நியாயமான காலத்துக்குள் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
பழைய கார் வைத்திருப்பவன்

இணைப்பு: பழைய ஸ்பாஞ்சு, பொடியாக, ஒரு கவரில். ஃபேன் போட்டுக்கொண்டு பிரிக்க வேண்டாம்.