மவுண்டிங் மாற்றிய பின் வண்டி விறைத்தல்: நாஞ்சில் நாட்டு அதிர்வியலுக்கு ஒரு முன்னுரை

குமரி மாவட்டத்தில் கோயில் கல்வெட்டுக்கு ஆய்வேடு உண்டு. வர்மச் சுவடிக்கு உண்டு. தோல்பாவைக் கூத்துக்கும் உண்டு. கியர்பாக்ஸ் மவுண்டிங்கைப் புதிதாக மாற்றிய வண்டி ஏன் முன்பைவிட மோசமாக விறைக்கிறது, அதாவது நடுங்குகிறது, என்பதற்கு மட்டும் ஓர் ஆய்வேடு என் கண்ணில் பட்டதில்லை. இத்தனைக்கும் இங்கே கல்வெட்டு படிக்கிறவர்களைவிட வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடப்பவர்கள் அதிகம். அந்தப் பெருங்குறையை நீக்கவே இக்கட்டுரை.

முதலில் ஆய்வெல்லை. முன்சக்கரம் இழுக்கும் வண்டிகளை விலக்கிவிட்டேன்; அவற்றுக்கும் நடுக்கம் வரும், அதன் இலக்கணம் வேறு. அம்பாசிடர், ஆம்னி, சுமோ, பொலேரோ, குவாலிஸ் என்று பின்சக்கரம் தள்ளும் இனங்களே நமக்குப் பொருள். இவற்றில் கியர்பாக்ஸின் வாலிலிருந்து பின் அச்சுவரை வண்டியின் அடிவயிற்றில் நீளமான குழாய் ஒன்று சுழல்கிறது. பட்டறையில் அது ஷாஃப்ட். அதன் முனைகளில் கிராஸ் என்கிற சிலுவை மூட்டுகள். கியர்பாக்ஸின் வால் அந்தரத்தில் தொங்காமல் ஓர் இரும்புக் குறுக்குச் சட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. வாலுக்கும் சட்டத்துக்கும் நடுவே இருக்கும் ரப்பர்க் கட்டிதான் மவுண்டிங்.

ஆய்வுப்பொருள், என் அத்தானின் வண்டி. மற்ற நாட்களில் குலசேகரம் பக்கத்திலிருந்து ரப்பர் ஷீட் ஏற்றும். முகூர்த்த நாட்களில் சொந்தக்காரர்களை ஏற்றும். வண்டியின் இனத்தையும் வேலை பார்த்த பட்டறையின் பெயரையும் ஆய்வு அறம் கருதி மறைத்திருக்கிறேன். அத்தானின் பெயரை அக்காளைக் கருதி.

தமிழ்நாட்டு ரப்பரில் பெரும்பங்கு விளைவது இந்த மாவட்டத்தில்தான். 1984இல் தொடங்கிய அரசு ரப்பர் கழகத்துக்குத் தலைமையிடமே நாகர்கோவில். இருட்டோடு எழுந்து மரம் மரமாகப் பால் வெட்டி, சிரட்டையில் சேர்த்து, உறையவைத்து, உருளையில் கொடுத்து ஷீட்டாக்கி, புகையில் உலர்த்தி ஊருக்கெல்லாம் அனுப்புகிறோம். ஒட்டுப்பாலைக்கூட வீணாக்குவதில்லை. அப்படி அனுப்பியது எங்கெங்கோ சுற்றி மவுண்டிங்காகத் திரும்பி வந்து, பெற்ற ஊரையே உலுக்குகிறது. இயற்கை ரப்பருக்கு அடியும் அதிர்வும் பொருட்டல்ல, எண்ணெய்தான் ஆகாது. கியர்பாக்ஸின் பின் சீல் கசிந்தால் ரப்பர் ஊதி, இளகி, இரும்பை விட்டுப் பிரிந்துவிடும். அத்தான் வண்டியின் பழைய மவுண்டிங் போனதும் அப்படித்தான். புதியது போட்ட பட்டறை அந்த சீலையும் மாற்றியதா என்பது இக்கட்டுரையின் கடைசியில் தெரியவரும்.

புதியது போட்டபின் 55 கிலோமீட்டர் வேகம்வரை வண்டி சாது. 55 தாண்டியதும் தரை விறைக்கும், இருக்கை விறைக்கும், டாஷ்போர்டில் ஒட்டிய பிள்ளையார் விறைப்பார். 65க்கு மேல் போனால் மெல்ல அடங்கும்.

இது குறித்து முன்னோர் கருத்துகள் நான்கு மரபுகளாகக் கிடைக்கின்றன. சக்கர மரபு: “டயரு பேலன்ஸ் பாக்காம ஒண்ணும் சொல்ல ஒக்காது அண்ணாச்சி.” கிராஸ் மரபு: “மவுண்டிங் போனா கிராஸும் போவும் வே. ரெண்டும் அண்ணன் தம்பியாக்கும்.” லேத் மரபினர் அதிகம் பேசுவதில்லை, ஷாஃப்டைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, “பெண்டு” என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொள்வார்கள். நான்காவது, கால மரபு: “பதறாண்டாம். புது ரப்பரு. ஓடி ஓடி அமந்துக்கிடும்.”

முதல் மூன்று மரபினரும் தத்தம் கடையில் என்ன இருக்கிறதோ அதிலேயே நோயைக் காண்கிறார்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. உரையாசிரியர்களிடமும் இந்தப் பழக்கம் உண்டு. நான்காம் மரபுதான் ஆபத்தானது, ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது. புது ரப்பர் பாரத்தின் கீழ் சற்றே அமரத்தான் செய்யும். அமர வேண்டிய அளவு அதிகமாக இருந்தால், அதற்குள் கிராஸின் ஊசி பேரிங்குகள் தேய்ந்து, கிராஸ் மரபினர் சொன்னது பலித்துவிடும்.

அத்தான் எம்மதமும் சம்மதம் என்கிற ஆள். சக்கரத்துக்கு பேலன்ஸ் பார்த்தார். கிராஸ் இரண்டையும் மாற்றினார். லேத்துக்குப் போவதற்குள் அக்கா தடுத்துவிட்டாள். விறையல் இருந்த இடத்திலேயே இருந்தது.

இனி களஆய்வு. 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் விறையலை ஆராய 60 கிலோமீட்டர் வேகம் வேண்டும். நாகர்கோவிலுக்கும் களியக்காவிளைக்கும் நடுவே பகல் நேரத்தில் அது வெறும் கருதுகோள். பார்வதிபுரம், சுங்கான்கடை, வில்லுக்குறி, தக்கலை என்று ஊர் முடியுமுன் அடுத்த ஊர் தொடங்கிவிடும். ஆகவே மாவட்டத்தின் மேற்குப் பாதியில் இந்நோய் இருக்க வாய்ப்பில்லை என்று ஒருவர் வாதிட்டால் எளிதில் மறுக்க முடியாது. மார்த்தாண்டத்தில் 2018இல் திறந்த மேம்பாலம் நீளமானதுதான். ஆனால் இரும்புப் பாலம் வண்டி போகும்போது தானும் சற்று அதிரும். யாருடைய அதிர்வு யாருடையது என்ற வழக்கு வந்துவிடும். கடைசியில் ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தல் பக்கம் போனோம். ஆடி மாதத்தில் போகாதீர்கள். கணவாய்க் காற்று காற்றாலையைச் சுற்றும் வேகத்தில் வண்டியையும் ஆட்டி, தரவைக் கெடுத்துவிடும்.

முதற்சோதனை: வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, 60இல் ஓடும்போது எஞ்சினுக்கு என்ன வேகமோ அதுவரை முறுக்கினோம். விறையல் இல்லை. எஞ்சின் நிரபராதி.

இரண்டாம் சோதனை: பின்னால் யாரும் வராத நேரமாகப் பார்த்து 60ஐப் பிடித்து, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தோம். வேகம் அப்படியே இருக்க, விறையல் மட்டும் சட்டென்று நின்றது. மிதித்தால் மறுபடியும் வந்தது. சக்கர மரபும் லேத் மரபும் வீழ்ந்த இடம் இதுதான். பேலன்ஸ் இல்லாத சக்கரத்துக்கும் வளைந்த ஷாஃப்டுக்கும், நம் கால் ஆக்சிலேட்டரில் இருக்கிறதா இல்லையா என்பது தெரியாது.

மூன்றாவது, நாங்கள் திட்டமிடாமல் கிடைத்த சாட்சியம். கல்யாண வீட்டாரை நிறைத்து ஏற்றிப் போனால் விறையல் குறைகிறது. அவர்களை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது கூடுகிறது. இதனால் சொந்தக்காரர்கள் அனைவரும் வண்டியில் ஒரு குறையும் இல்லை என்று ஒருமனதாகச் சாட்சி சொன்னார்கள். அத்தான் மட்டும் தனியாக விறைத்தபடி வீடு வந்து சேர்ந்தார்.

கோட்பாட்டுக்கு வருவோம். சிலுவை மூட்டோடு இத்தாலியின் கார்டனோ (1501–1576) பெயர் சேர்ந்திருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ஹூக் அதை வானியல் கருவிக்காகக் கையாண்டார். மோட்டார் வண்டிக்கு ஏற்றபடி செய்து 1903இல் காப்புரிமை பெற்றவர் அமெரிக்காவின் கிளாரன்ஸ் ஸ்பைசர். இவர்கள் யாரும் நம் பட்டறைகளில் படமாக மாட்டப்படாதது தனி வருத்தம். மூட்டின் குணம் இது: கோணத்தில் நின்று சுழலும்போது, உள்ளே சீராக நுழையும் சுழற்சி வெளியே சீராக வருவதில்லை. ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை வேகம் கூடி, இரண்டு தடவை குறைகிறது. 3 டிகிரிக் கோணத்தில் இந்த ஏற்ற இறக்கம் நூற்றில் ஒன்றுகூட இல்லை. ஆனால் கோணம் இரட்டித்தால் இது நான்கு மடங்காகும். அதனால்தான் ஷாஃப்டின் இரு முனையிலும் மூட்டு வைத்து, இரு கோணத்தையும் ஏறக்குறைய சமமாக அமைக்கிறார்கள்; முன்மூட்டு செய்யும் குளறுபடியைப் பின்மூட்டு கழித்துவிடும். இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு டிகிரிக்குள் நிற்க வேண்டும் என்பது பொதுவிதி.

இப்போது கணக்கு. டயரின் சுற்றளவு 2.2 மீட்டர், பின் அச்சின் கிரவுன் விகிதம் நான்குக்குப் பக்கம் என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் விநாடிக்கு ஏழரைச் சுற்று. ஷாஃப்ட் அதைப்போல நான்கு மடங்கு, சுமார் 30. மூட்டுக் கோணத்தால் வரும் அதிர்வு அதிலும் இரட்டை, சுமார் 60. காலத்துக்குக் காலம் வேகம் இரட்டிக்கும் இசைக்கணக்கில் சக்கரத்தை முதற்காலமாகக் கொண்டால் ஷாஃப்ட் மூன்றாங்காலம், மூட்டுக் கோணம் நான்காங்காலம். சுசீந்திரத்து இசைத்தூண்களைத் தட்டிக் கேட்டு வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இதைப் பிரித்தறிவது பெரிய காரியமில்லை. சக்கரக் கோளாறு ஸ்டியரிங்கில் கண்ணால் பார்க்கக்கூடிய ஆட்டமாக வரும். ஷாஃப்டின் கோளாறு இருக்கையில் நடுக்கமாக ஏறும். கோணக் கோளாறு தரையில் உறுமும், காதிலும் கேட்கும். அத்தான் வண்டி பாடியது சந்தேகமில்லாமல் நான்காங்காலம்.

கோணத்தை அளக்கக் கருவி எதுவும் எங்களிடம் இல்லை. பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்த கொத்தனாரிடம் ரசமட்டம் கேட்டோம். “வண்டிக்கு அடியில என்ன வே சுவரு கெட்டப் போறியளா?” என்று கேட்டாலும் தந்தார். ஓரடி நீள மட்டத்தில் ஒரு முனை 5 மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக ஏறினால் அது ஒரு டிகிரி. இதற்குமேல் கணிதம் தேவைப்படாது. வண்டி நான்கு சக்கரத்திலும் சமதரையில் நிற்க வேண்டும். ஜாக்கியில் தூக்கினால் பின் அச்சு தொங்கி, கோணங்கள் பொய் சொல்லும். கியர்பாக்ஸின் வால், ஷாஃப்ட், பின் அச்சின் மூக்கு ஆகிய மூன்றின் சாய்வையும் எடுத்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தோம். முன்மூட்டின் கோணம் பின்மூட்டைவிட ஒரு டிகிரிக்கு மேல் அதிகம்.

காரணம், புது மவுண்டிங் அசலைவிட ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் உயரம். கேட்டால் சிறிய அளவுதான். ஆனால் எஞ்சினின் முன் மவுண்டிங்குகளிலிருந்து வால்வரை ஒரு மீட்டர் என்றால் கியர்பாக்ஸின் சாய்வு அரை டிகிரிக்கு மேல் மாறும். ஷாஃப்டின் சாய்வும் கிட்டத்தட்ட அரை டிகிரி மாறும். முன்மூட்டு இரண்டையும் சுமக்கிறது. பின்மூட்டு ஒன்றை மட்டும். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது பின் அச்சு மூக்கைத் தூக்குகிறது. அதனால் பின்கோணம் இன்னும் சுருங்கி வித்தியாசம் பெருகுகிறது. காலை எடுத்தால் மூக்கு இறங்கி, சண்டை தணிகிறது. கல்யாண வீட்டார் ஏறினால் பட்டை வில் அமர்ந்து, ஷாஃப்டின் சாய்வு குறைந்து, இரு கோணமும் சிறுக்கின்றன. சொந்தக்காரர்களின் சாட்சியம் பொய்யில்லை என்பது இவ்வாறு நிறுவப்பட்டது. உறவு முறையில் இது நிம்மதி.

தீர்வு சுருக்கமானது. சரியான உயரமுள்ள மவுண்டிங் வாங்கினோம். போடும்போது போல்ட்டுகளை முதலில் தளர்வாகவே விட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, எஞ்சினைச் சற்று ஓடவிட்டு, கியர்பாக்ஸ் தானாக உட்கார்ந்தபின் இறுக்கினோம். மவுண்டிங் மாற்ற ஷாஃப்டைக் கழற்ற வேண்டியதில்லை. கழற்றுகிறவர்கள் மூட்டுகள் எந்த நிலையில் நின்றன என்று பெயின்டால் ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். இரு துண்டாகச் செருகிய ஷாஃப்டில் இழைப்பல் (ஸ்ப்லைன்) ஒன்று மாறிச் செருகினாலும் இரு மூட்டுகளும் ஒன்றின் பிழையை ஒன்று சரியாகக் கழிக்காது. அப்புறம் ரசமட்டமும் உதவாது.

பெரிய உறுமல் போனது. மிச்சமாக ஒரு சின்ன முனகல் இருந்தது. உயர்ந்த கியர்பாக்ஸுக்காக யாரோ வளைத்துக் கட்டிய சைலன்சர் குழாய் இப்போது தரைத் தகட்டில் உரசிக்கொண்டிருந்தது. கிளாம்பைத் தளர்த்தி இறக்கியதும் அதுவும் நின்றது. கியர்பாக்ஸின் பின் சீலைப் பட்டறை மாற்றியிருக்கவில்லை. ஷாஃப்டைக் கோடு போட்டுக் கழற்றி நாங்கள் மாற்றினோம், இல்லையென்றால் இந்த ரப்பரும் எண்ணெய் குடித்து, இக்கட்டுரைக்கு இரண்டாம் பாகம் எழுத நேர்ந்திருக்கும்.

மவுண்டிங் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய ரப்பரோடு உயரத்தை ஒப்பிடாதீர்கள், அது நசுங்கிக் கிடக்கும். உங்கள் வண்டியின் மாடலையும் பாக எண்ணையும் சொல்லிக் கேளுங்கள். “இதும் அதுவும் ஒண்ணுதான் அண்ணாச்சி” என்று சொல்லும் கடையிலிருந்து மரியாதையாக இறங்கி வந்துவிடுங்கள். மற்றபடி, அத்தான் அவசரப்பட்டுக் கழற்றிய பழைய கிராஸ் இரண்டும் ஆட்டமில்லாமல் வீட்டில் இருக்கின்றன. யாருக்காவது வேண்டுமென்றால் பாதி விலைக்குத் தரச் சம்மதம், அக்காளிடம் கேட்டாகிவிட்டது.